மலை இறங்கிய சக்கரம்

போடிமெட்டிலிருந்து இறங்கி முந்தல் வந்து சேர்ந்ததும் வண்டியை ஓரங்கட்டி முன்சக்கரத்தைப் பாருங்கள். காலையில் வெள்ளியாக மின்னிய அலாய், சட்டிக்கரி பூசியதுபோல இருக்கும். புழுதிதானே என்று விரலால் துடைத்தால் கறுப்பு ரேகைக்குள் ஏறிக்கொள்ளும். வீட்டுக்குப் போய் சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் மிச்சம் இருக்கும். நம் ஊர்ச் செம்மண் இப்படிப் பிடிவாதம் பிடிக்காது. இது இரும்பு.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். காய்ந்த தூசியைக் கொஞ்சம் வெள்ளைக் காகிதத்தில் தட்டிக்கொள்ளுங்கள். காகிதத்துக்கு அடியில் ஒரு காந்தத்தை வைத்து மெல்ல நகர்த்துங்கள். தூசி கம்பளிப்பூச்சியின் மயிர்போலச் சிலிர்த்து எழுந்து, காந்தம் போகும் பக்கமெல்லாம் பின்னாலேயே ஊர்ந்து வரும். இரும்பும் காந்தமும் போடி பக்கத்துப் பொட்டிபுரத்துக்குப் புதிதல்ல. இங்கே அம்பரப்பர் மலைக்குள் 50,000 டன் காந்தமேற்றிய இரும்பை வைத்து நியூட்ரினோவை ஆராயும் கூடம் அமைக்க 2015-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது, ஊரின் பெயர் நாடு முழுக்கச் செய்தியில் அடிபட்டது. அதற்கு எழுந்த எதிர்ப்பும் வாதங்களும் பெரிய கதை. இந்த நூலில் அதற்கு இடமில்லை. நம் சக்கரத்தில் ஒட்டியிருக்கும் சில கிராம் இரும்புக்கு வருவோம்.

எங்கிருந்து வருகிறது இந்தக் கறுப்பு

பிரேக் டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. பாட்டி காலத்து வார்ப்புத் தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அதே சரக்குதான். இந்த அத்தியாயம் முழுக்க அந்தத் தோசைக்கல் நமக்கு உதவும். மிதியை அழுத்தும்போது இரண்டு பக்கமும் பிரேக் பேட் வந்து டிஸ்க்கைக் கவ்வுகிறது. பேடும் தேய்கிறது, டிஸ்க்கும் தேய்கிறது. தேய்ந்த பொடி சூட்டோடு பறந்து, பக்கத்திலேயே இருக்கும் ரிம்மில் போய் உட்காருகிறது. பேடில் உள்ள பிசின் அதை ஒட்டவைக்கிறது. இரவு பனி பட்டால் இரும்புத் துகள் துருப்பிடித்து, ரிம்மின் மேல்பூச்சைக் கவ்விக்கொள்கிறது. ஒரு வாரம் கழித்து ஆரஞ்சு நிறத்தில் ஊசிமுனைப் புள்ளிகளாகத் தெரிவது இதுதான். முதல் நாள் தண்ணீரிலேயே போயிருக்கும். பத்து நாள் விட்டால் மருந்து வேண்டும். பல மாதம் விட்டால் பூச்சோடுதான் போகும்.

சமதளத்தில் தேனிக்கும் மதுரைக்கும் ஓடும் வண்டியில் ஒரு மாதத்தில் படிகிற தூசி, மலைப்பாதையில் ஓரிரு இறக்கத்தில் படிந்துவிடுகிறது. கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். முந்தலுக்கும் போடிமெட்டுக்கும் நடுவே 17 கொண்டை ஊசி வளைவுகள். போடியிலிருந்து பார்த்தால் உயர வித்தியாசம் சுமார் 1,000 மீட்டர். நான்கு பேரும் மூட்டை முடிச்சும் சேர்ந்து வண்டி 1,500 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது வெளியாகிற ஆற்றல் ஏறத்தாழ 4 யூனிட் மின்சாரம். ஐம்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். அந்தச் சூடு எங்கேயாவது போயாக வேண்டும். எஞ்சினைப் பிடித்து இறங்கினால் பெரும்பகுதி எஞ்சின் வழியாகவும் காற்றிலும் போகும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் அத்தனையும் நான்கு சக்கரத்துக்குள் இறங்கும். அதனால் ரிம் எவ்வளவு கறுத்திருக்கிறது என்பது, மலையை எப்படி இறங்கினோம் என்பதற்குச் சாட்சி.

பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களுக்கு விடியற்காலையில் ஆள் ஏற்றிப் போய்ச் சாயங்காலம் இறங்கும் ஜீப்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். நான் கார் ஓட்டப் பழகிய புதிதில், மெட்டில் டீ குடிக்க நின்ற ஒரு பெரியவர் என் சக்கரத்தை முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏறுன கியருலயே எறங்கு தம்பி. பிரேக்கு நிக்கிறதுக்கு, எறங்குறதுக்கு இல்ல.” ரிம்மைச் சுத்தமாக வைத்துக்கொள்ள இதைவிட நல்ல மருந்தை எந்தக் கடையிலும் நான் வாங்கியதில்லை. இரண்டாவது கியர், வளைவுக்கு முன்னால் ஒரு முறை அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுவது, நேர்ப்பாதையில் எஞ்சின் பிடியில் வருவது. ஆட்டோமேட்டிக் வண்டியில் ‘எல்’ அல்லது ‘2’, இல்லையென்றால் கையால் கியர் மாற்றும் முறை. நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருவது உயிருக்கே ஆபத்து.

இறக்கமும் பிரேக்கும் சேர்ந்த இந்தப் பாடு உலகம் முழுக்க ஒன்றுதான். இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைச் சரிவுகளில் குதிரை வண்டிக்காரர்கள் மரப் பிரேக் கட்டையில் பழைய செருப்புத் தோலை ஆணியடித்து ஓட்டுவதைப் பார்த்துத்தான் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் 1897-ல் பிரேக் லைனிங் செய்யத் தொடங்கினார். பின்னாளில் ஃபெரோடோ என்று பெயரெடுத்த நிறுவனம் அவருடையது. சூடு தாங்க வேண்டுமே என்று அவர் காலத்திலேயே லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் நார் புகுந்தது; அது நுரையீரலை அரிக்கும் என்று தெரிந்து உலகம் விலகி வரப் பல பத்தாண்டுகள் ஆயின. நம் நாட்டில் ஆஸ்பெஸ்டாஸுக்கு இன்னும் முழுத் தடை இல்லை. அதனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். காய்ந்த பிரேக் தூசியைக் காற்றுக் குழாய் வைத்து ஊதாதீர்கள், ஊதவும் விடாதீர்கள். பின்சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள வண்டியில் தூசி டிரம்முக்குள்ளேயே தங்கிவிடும். பட்டறையில் டிரம்மைக் கழற்றியதும் பையன் ஏர் கன்னை எடுப்பான். “ஈரத்துணியால துடைப்பா” என்று சொல்லுங்கள். அவன் மூக்குக்கு நேரே பறக்கிற பொடி அது.

கழுவும் முன் படியுங்கள்

வாளியைத் தூக்கும் முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். கழுவிவிட்டால் இந்தத் தகவல் போய்விடும். இறங்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால் முன்பிரேக்தான் அதிகம் உழைக்கிறது. முன்சக்கரம் இரண்டும் கறுத்திருப்பதும் பின்சக்கரம் வெளுத்திருப்பதும் இயல்பு.

முன்சக்கரம் இரண்டில் ஒன்று மட்டும் மிக அதிகமாகக் கறுத்திருந்தால், அந்தப் பக்கம் பேடை அழுத்தும் காலிபர் பிடித்துக்கொண்டு விடாமல் உரசிக்கொண்டே வருகிறது என்று பொருள். இறங்கியதும் இரண்டு சக்கரத்துக்கும் பக்கத்தில் புறங்கையை நீட்டிப் பாருங்கள், தொடவேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அடுப்பு போல அனல் வீசினால் மறுநாளே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஒரு முன்சக்கரம் மட்டும் சந்தேகப்படும்படி சுத்தமாக இருப்பதும் நல்ல அறிகுறி இல்லை. அது வேலையே செய்யாமல் மற்றதன் தலையில் பாரத்தைப் போடுகிறது.

ரிம்மின் உள்வட்டத்திலோ டயரின் உட்பக்கச் சுவரிலோ ஈரக்கோடு தெரிந்தால் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக, கறுப்பாக, ரிம் முழுக்கச் சிதறியிருந்தால் அநேகமாக அது கிரீஸ். ஆக்ஸில் ரப்பர் கிழிந்திருக்கும். நீர்த்து, வழவழவென்று, மஞ்சள் சாயலில் இருந்தால் பிரேக் ஆயில். அது பட்ட இடத்தில் பெயின்ட் பொங்கி உரியும்; உடனே தண்ணீர் விட்டு அலசுங்கள். அதைவிட முக்கியம், அந்த வண்டியை மலையில் ஏற்றாதீர்கள். அலங்காரத்துக்காகச் சக்கரம் கழுவ உட்கார்ந்து பிரேக் ஆயில் கசிவைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு. இந்த ஒரு காரணத்துக்காகவே சக்கரத்தை நம் கையால் கழுவவேண்டும் என்பேன்.

முந்தலில் தண்ணீர் ஊற்றாதீர்கள்

அடிவாரத்தில் அடிக்கடி பார்க்கிற காட்சி இது. பிரேக் தீய்ந்த வாடை வந்ததும் பதறிப்போய் பாட்டில் தண்ணீரை எடுத்துச் சக்கரத்தில் சளசளவென்று ஊற்றுவார்கள். புஸ்ஸென்று ஆவி கிளம்பும். காய்ந்த வார்ப்புத் தோசைக்கல்லில் ஒரு சொம்புப் பச்சைத்தண்ணீரைக் கொட்டுவார்களா? கொட்டினால் கல் விரியும். டிஸ்க்கும் அப்படித்தான், கோணிக்கொள்ளலாம், மயிரிழை விரிசல் விடலாம். அப்புறம் மிதிக்கும்போதெல்லாம் மிதி காலடியில் அதிரும், புது டிஸ்க் வாங்கும் செலவு வரும். வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். சமதளமாக இருந்தால் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். அரை மணி நேரம் காற்றாடட்டும்.

கழுவுவது வீட்டுக்கு வந்து, குறைந்தது ஒரு மணி நேரம் ஆன பிறகு. அதைவிட மறுநாள் காலை வெயில் ஏறும் முன் கழுவுவது நல்லது. சூடான ரிம்மில் சோப்பு நுரை காய்ந்து, அதுவே புதுக் கறையாகிவிடும்.

கழுவும் முறை

சக்கரத்துக்கென்று தனி வாளி, தனித் துணி வேண்டும். இதில் சமரசம் கூடாது. சக்கரம் துடைத்த துணியில் இரும்புத் துகள் ஒளிந்திருக்கும். அதே துணியால் கதவைத் துடைத்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி கோடு விழும். சக்கரத்தை முதலில் முடித்துவிட்டு உடம்புக்குப் போங்கள். இல்லாவிட்டால் கழுவி முடித்த கதவில் கறுப்புத் தெறிக்கும்.

முதலில் வெறும் தண்ணீர். தேய்க்காமல், மேலிருந்து கீழாக, கம்பிகளின் இடுக்கு வழியே உள்வட்டத்துக்கும் போகும்படி ஊற்றுங்கள். ஒட்டாத தூசியில் பெரும்பங்கு இதிலேயே போய்விடும். பொறுமையில்லாமல் காய்ந்த ரிம்மில் துணியை வைப்பதுதான் பெரும்பாலான கீறலுக்குக் காரணம். பிறகு கார் ஷாம்பூ கலந்த தண்ணீர். துணி துவைக்கும் தூளும் பாத்திரம் விளக்கும் சோப்பும் அழுக்கோடு மெழுகுப் பூச்சையும் எடுத்துவிடும். அடுத்த முறை தூசி இன்னும் கெட்டியாக ஒட்டும். பரந்த இடத்துக்குப் பழைய பனியன் துணி, நட்டுக் குழிக்கும் மூலைக்கும் பழைய பல் பிரஷ், கம்பிகளுக்குப் பின்னால் இரண்டு அங்குல பெயின்ட் பிரஷ். கம்பி நார், தேங்காய் நார், பச்சை ஸ்க்ரப்பர் மூன்றும் வேண்டாம். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்கிப் பளபளப்பாக்கிய கை நமக்கு. அந்தப் பழக்கத்தில் அலாயையும் விளக்கத் தோன்றும். குத்துவிளக்கு முழுக்கப் பித்தளை. அலாயின் பளபளப்போ மேலே பூசிய மெல்லிய லேக்கரில் இருக்கிறது. அது தேய்ந்தால் திரும்ப வராது.

வாட்டர் சர்வீஸில் பிரஷர் குழாய் அடிக்கிறார்கள் என்றால் ஒரு முழம் தள்ளி அடிக்கச் சொல்லுங்கள். டயரின் பக்கச் சுவரிலும் காலிபரின் ரப்பர் உறையிலும் நெருங்கி அடித்தால் கிழியும்.

அங்கே கேட்காமலே நடக்கும் இன்னொன்று, ஆசிட். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பழைய வண்டியின் அலாயில் துருப்புள்ளி போகவில்லை என்று ஓரிடத்தில் விட்டேன். பையன் ஒரு குப்பியிலிருந்து பிரஷ்ஷால் தடவினான், நுரைத்தது, தண்ணீர் அடித்ததும் புதுசு போல மின்னியது. கூடுதலாக இருபது ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றாவது வாரம் லேக்கருக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்ததுபோலப் படர்ந்தது. அலுமினியம் அரித்துக்கொண்டிருந்தது. நட்டுகளிலும் துரு. நான்கு ரிம்மையும் உரித்துப் பெயின்ட் அடிக்க வேண்டியதாயிற்று. கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட் அலுமினியத்தைத் தின்னும். காஸ்டிக் சோடா கலந்ததும் தின்னும். சில வீல் கிளீனர்களில் உள்ள ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் தோலுக்குள் இறங்கி எலும்பு வரை தாக்கக்கூடியது. வெறுங்கையோடு அதைத் தடவும் பிள்ளைகளை நினைத்தால் மனம் பதறுகிறது. வண்டியை விடும்போதே “ஆசிட் வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள்.

ஷாம்பூவுக்கு அசையாத புள்ளிகளுக்கு ‘அயர்ன் ரிமூவர்’ என்ற பெயரில் மருந்து கிடைக்கிறது. இதில் வேலை செய்வது தயோகிளைகோலேட் என்ற உப்பு. அழகு நிலையத்தில் முடியைச் சுருட்டப் பயன்படுத்தும் மருந்திலும் இருப்பது இதன் இனம்தான். அந்த நாற்றம் இதிலும் அடிக்கும். குளிர்ந்த ரிம்மில், நிழலில், கையுறை போட்டுக்கொண்டு தெளியுங்கள். ஒரு நிமிடத்தில் இரும்பு இருக்கும் இடமெல்லாம் நாவல்பழச் சாறு வழிவதுபோல ஊதா நிறத்தில் ஒழுகத் தொடங்கும். பார்க்க ஆச்சரியமாக இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே காயவிட்டுவிடாதீர்கள். மூன்று முதல் ஐந்து நிமிடம், மென்மையான பிரஷ்ஷால் ஒரு தடவல், பிறகு நிறையத் தண்ணீர். வேறெந்த மருந்தோடும் கலக்கக்கூடாது. விலை கூடிய சரக்கு; ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை போதும்.

துடைத்துக் காயவைத்த ரிம்மில் கார் மெழுகை மெல்லிசாகப் பூசிவிட்டால், அடுத்த இரண்டு மாதம் வெறும் தண்ணீரே பாதி வேலையை முடித்துவிடும்.

இந்தப் பக்கத்துக் கறைகள்

தார்: சித்திரை வெயிலில் புது ரோட்டில் ஓடினால் ஒட்டும். துணியில் கொஞ்சம் டீசல் தொட்டு அந்தப் புள்ளியில் மட்டும் வைத்து, ஊறவிட்டுத் துடையுங்கள். டயரில் பட்டால் ரப்பர் கெடும். டிஸ்க்கிலோ பேடிலோ ஒரு துளி பட்டாலும் பிரேக் வழுக்கும். மலைப்பாதைக்காரர் இதில் அசட்டையாக இருக்கக்கூடாது.

போர்டோ கலவை: மழைக்காலத்தில் ஏலச்செடிக்கு அழுகல் நோய் வராமல் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கிறோம். டிரம்மில் ஏற்றிப்போகும் வண்டிகளில் சிந்தி, நீலமும் வெள்ளையுமாக ரிம்மில் காய்ந்திருக்கும். செம்பு உப்பும் சுண்ணாம்பும் இரண்டுமே அலுமினியத்துக்கு ஆகாது. அன்றைக்கே கழுவிவிட வேண்டிய கறை இது. இரும்பு ரிம் போட்ட ஜீப்பானாலும் தள்ளிப்போடாதீர்கள்.

போர்த் தண்ணீர் காய்ந்து விடும் உப்புத் தடம் தேய்த்தால் போகாது. வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து துணியில் நனைத்து ஒற்றி, உடனே அலசினால் கரைந்துவிடும். ஈரம் காயும் முன் துடைத்துவிட்டால் தடமே விழாது.

மழைக்குப் பின் தோட்டத்துப் பாதையில் போய் வந்தவர்கள் ரிம்மின் உள்வட்டத்தைக் கையால் தடவிப் பார்க்கவேண்டும். சேறு ஒரு பக்கம் மட்டும் கட்டியாக அப்பிக் காய்ந்திருந்தால் சக்கரத்தின் சமநிலை குலைந்துவிடும். வேகம் கூடியதும் ஸ்டியரிங் கடகடவென்று ஆடும். வீல் பேலன்ஸ் போய்விட்டது என்று தேனிக்கு ஓடுவதற்கு முன், ஒரு குச்சியை எடுத்து அந்தச் சேற்றைக் குத்தி எடுங்கள். பல வண்டிகளில் ஆட்டம் அதோடு நின்றிருக்கிறது.

பிளாஸ்டிக் மூடி போட்ட இரும்பு ரிம்மானால் மூடியைக் கழற்றித்தான் கழுவவேண்டும்; துரு அதற்குப் பின்னால்தான் வளரும். துருவைத் தேய்த்து எடுத்து, பிரைமர் அடித்து, சில்வர் பெயின்ட் அடித்துவிட்டால் மூன்று நான்கு வருடம் கவலையில்லை.

டயருக்குப் பாலிஷ் அடிக்கும் ஆசை பலருக்கு உண்டு. பக்கச் சுவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ரோட்டைத் தொடும் பகுதியில் பட்டால் வளைவில் வழுக்கும்.

கழுவிய பின்

ஈரத்தோடு ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். தெருக்கோடி வரை மெதுவாக ஓட்டி நான்கைந்து முறை மிதித்தால் டிஸ்க் காய்ந்துவிடும். அப்படியும் மறுநாள் காலை டிஸ்க்கின் முகம் ஆரஞ்சு நிறத்தில் துருவேறி இருக்கலாம். எண்ணெய் தடவாமல் ஈரத்தோடு கவிழ்த்த தோசைக்கல் விடிவதற்குள் துருவேறுவது மாதிரிதான். தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவுவோம். டிஸ்க்கில் மட்டும் எந்தக் காலத்திலும் எண்ணெய் படக்கூடாது. இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்தால் அந்தத் துரு தானே போய்விடும்.

கடைசியாக, கழுவின தண்ணீரைப் பற்றி. நான்கு சக்கரத்துக்கும் நான்கைந்து வாளி தாராளம். அதில் இரும்பு மட்டும் இல்லை, பல பேடுகளில் செம்பும் இருக்கிறது. ஓடும் நீரில் கரையும் செம்பு மீன்களைப் பாதிக்கிறது என்று கண்டுதான் அமெரிக்காவில் வாஷிங்டன், கலிஃபோர்னியா மாநிலங்கள் 2010-லேயே பிரேக் பேடில் செம்பைக் குறைக்கச் சட்டம் போட்டன. ஐரோப்பாவில் 2024-ல் நிறைவேறிய யூரோ 7 விதி, காரின் பிரேக் ஒரு கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராமுக்கு மேல் நுண்தூசி விடக்கூடாது என்கிறது. மின்சாரக் காருக்கு 3 மில்லிகிராம். நமக்கு அப்படிச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி, மண் தரையில் நிறுத்திக் கழுவுங்கள். குரங்கணிப் பக்கம் போகும்போது கொட்டகுடி ஆற்றில் நீர் ஓடுவதைப் பார்த்ததும் வண்டியை இறக்கிக் கழுவத் தோன்றும். தயவுசெய்து இறக்காதீர்கள். போடிக்காரர்கள் குடிப்பது அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான்.